கடிக்காமல் விரலில் ஏற: கையுறையா, அழுத்தலா, தினையா?

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து அடுக்குமாடி பல்கனிகளில் தொங்கும் கூடுகளில் பெரும்பாலும் இருப்பவை பட்ஜி, கொக்கடீல் என்ற சின்னக் கிளி வகைகள்தான். வாங்கி வந்த மறுநாளே, ஏறி உட்காரட்டும் என்று விரலை நீட்டுவோம், அது கொத்தும். உடனே ஆளுக்கொரு வழி சொல்லத் தொடங்குவார்கள்.

ஊரில் கிளி வளர்த்த மாமாமார் சொல்வது தடித்த கையுறை. கடி படாது, அவ்வளவுதான். பறவைக்கு அது ஒரு பெரிய, முரட்டுப் பொருள். உள்ளே இருப்பது உங்கள் கை என்று அதற்கு எப்படித் தெரியும்? கழற்றிய அன்று பாடம் மறுபடி முதலிலிருந்து. மருந்து கொடுக்கப் பிடிப்பதற்கு மெல்லிய துவாயே போதும்.

அடுத்தது, காலுக்குச் சற்று மேலே அடிவயிற்றில் விரலை வைத்து மெல்ல அழுத்துவது. உடல் சரியும்போது கால் தானாக விரலுக்கு வந்துவிடும். குஞ்சிலிருந்தே கையால் ஊட்டி வளர்த்த கொக்கடீலுக்கு இது நன்றாக வேலை செய்யும். பெரிய கூட்டில் கும்பலாக வளர்ந்து கடைக்கு வந்த பட்ஜிக்கு இதே விரல் துரத்தல். ஓட இடமில்லாத மூலையில் அது கடிக்கும், நாம் கையை இழுப்போம். கடித்தால் கை போய்விடும் என்று அது அன்றே படித்துவிடும். கடித்ததற்குத் தண்டனையாகக் கையை உலுக்குவோரும் உண்டு. அது இன்னும் மோசம்: ஆடும் கிளையில் யார் ஏறுவார்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளி இனத்துக்கு அலகு மூன்றாவது கால் மாதிரி. ஏறுமுன் விரலை அலகால் தொட்டு, உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கும். பலர் கடி என்று பதறுவது இதற்குத்தான். அப்போது கை அசையாமல் இருந்தால் அடுத்த கணம் கால் வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, குச்சியும் தினையும். ஒரு குச்சியின் நுனியைக் காட்டுங்கள். அலகு பட்டதும் நாக்கால் ஒரு 'டக்', உடனே தினை. புறக்கோட்டைத் தானியக் கடைகளில் தினை கிடைக்கும். குச்சியைத் தொட ஓடி வரும் பழக்கம் வந்தபின், விரலைக் குறுக்கே வைத்துக் குச்சியை அதற்கு அப்பால் பிடியுங்கள். எட்ட வேண்டுமானால் விரலில் கால் வைத்தே ஆக வேண்டும். முடிவைப் பறவையே எடுப்பதால் கடிக்கக் காரணம் இல்லை. குறை, காலம் பிடிக்கும். சில பறவைகளுக்கு வாரக்கணக்கில். காலைத் தீனிக்கு முன் ஐந்து நிமிடம் நல்ல நேரம். அதற்காகப் பட்டினி போடக்கூடாது, இவ்வளவு சின்ன உடல் தாங்காது.

சிறகு வெட்டினால் சீக்கிரம் பழகும் என்று கடைக்காரர் கத்தரியை எடுப்பார். பறந்து தப்ப முடியாத பறவைக்குத் தற்காப்பாக மிஞ்சுவது அலகு மட்டும்தான். கொழும்புப் புழுக்கத்தில் சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் கூட்டைத் திறக்குமுன் ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தலாமே.

ஆகவே கையில் வளர்ந்த பறவைக்கு அழுத்தல், கடைப் பறவைக்குக் குச்சி. இறகு உதிரும் காலத்தில் இரண்டும் வேண்டாம்: முளைக்கும் இறகில் கை பட்டாலே வலிக்கும், பழகிய பறவையும் கடிக்கும்.