கொம்பிரஷரை மாற்ற முதல் ரியூப்பை அளந்து பாருங்க

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ரோபோ போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளும் பொறுப்பாசிரியர்களும் கவனிக்கவும். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடை, ரோபோவில் காற்று ஓடும் 6 மில்லிமீற்றர் ரியூப்பைக் “கால் இஞ்சி” என்று சொல்லி விற்கிறது. காற்று நிற்கவில்லை என்று திரும்பப் போனால், “கொம்பிரஷர் போயிட்டு தம்பி, புதுசு போடுங்க” என்று அடுத்த பில் வருகிறது. எங்கள் அணியிடம் இரண்டுக்கும் காசு வாங்கினார்கள். புதுசு போட்ட பிறகும் அமுக்கம் அதே வேகத்தில் இறங்கியது. பழையதில் ஒரு கோளாறும் இல்லை.

கால் இஞ்சி என்பது 6.35 மி.மீ. அந்த அளவுப் பிற்றிங்கில் (ரியூப் செருகும் மூட்டு) 6 மி.மீ. ரியூப்பைச் செருகினால் உள்ளே இருக்கும் பல் கவ்விக்கொள்ளும், இழுத்தாலும் வராது. ஆனால் ரப்பர் சீல் சுற்றிவர ஒட்டாது. ரியூப் நேராக நிற்கும்வரை பிடிக்கும், வளைந்தால் ஒழுகும். கடை மேசையில் சரியாக இருந்தது களத்தில் கைவிடுவது இதனால்தான். வேர்னியரோடு (விட்டம் அளக்கும் கருவி) போய்க் கடையிலேயே அளந்து பாருங்க.

மரையும் அப்படித்தான். இங்கே ஹாட்வெயாரில் கிடைப்பது பெரும்பாலும் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் மரை. அமெரிக்கப் பாகங்களில் என்பிடி என்ற அமெரிக்க மரை. 1/8 அளவில் பிஎஸ்பிக்கு அங்குலத்துக்கு 28 மரை, என்பிடிக்கு 27. ஒன்றை மற்றதில் போட்டால் ஓரிரு சுற்றுப் போய் இறுகும், இறுகினாலும் அடைக்காது. அதை மறைக்கத்தான் த்ரெட் சீல் நாடாவை அள்ளிச் சுற்றித் தருகிறார்கள். அதன் நார் பிய்ந்து உள்ளே போனால் சொலினொயிட்டும் (மின்சாரத்தில் காற்றைத் திருப்பும் வால்வு) சிக்கிவிடும்.

கொம்பிரஷர்மேல் பழி போட முதல் இதைச் செய்யுங்க. எஃப்ஆர்சி (FIRST Robotics Competition) என்ற ரோபோ போட்டியின் விதியில் சேமிப்புப் பக்கம் (டாங்கி) 120 பிஎஸ்ஐ, வேலைப் பக்கம் (காற்றால் தள்ளும் சிலிண்டர்) 60 பிஎஸ்ஐ, இவைதான் உச்சம். பிஎஸ்ஐ என்பது அமுக்கத்தின் அலகு. வழமையான பிரஷர் சுவிட்ச் 95 அளவில் கொம்பிரஷரை ஓடவிட்டு 115 அளவில் நிறுத்தும். நிரப்பி, கொம்பிரஷரை நிறுத்தி, ஒன்றையும் அசைக்காமல் பத்து நிமிடம் கேஜைப் பாருங்க. இறங்கினால், அமுக்கத்தைக் குறைத்து வேலைப் பக்கம் விடும் ரெகுலேட்டரை முழுதாகத் தளர்த்தி மறுபடி பாருங்க. இன்னும் இறங்கினால் ஒழுக்கு சேமிப்புப் பக்கம்: டாங்கி, சுவிட்ச், ரிலீஃப் வால்வு (அமுக்கம் மிஞ்சினால் திறப்பது), காற்றைத் திறந்துவிடும் வால்வு போன்றவற்றில். நின்றுவிட்டால் ஒழுக்கு வேலைப் பக்கம். சவர்க்காரத் தண்ணியைத் தூரிகையால் மூட்டுகளில் தடவுங்க, வயர் பக்கம் படாமல்.

சொலினொயிட்டின் வெளியேற்றுத் துளையில் சும்மா நிற்கும்போதே சீறல் கேட்டால், சிலிண்டரில் அமுக்கம் இல்லாத பக்க ரியூப்பைக் கழற்றுங்க. சிலிண்டரின் கழற்றிய வாயில் காற்று வந்தால் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கிறது, வராமல் துளையில் சீறல் தொடர்ந்தால் வால்வு. இதை 30 பிஎஸ்ஐயில், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுச் செய்வது நல்லது.

நிற்கும்போது இறங்காமல் ஓடும்போது மட்டும் இறங்கினால் அது ஒழுக்கே அல்ல, செலவு. 20 மி.மீ. உள்விட்டம், 100 மி.மீ. ஓட்டம் உள்ள சிலிண்டர் 60 பிஎஸ்ஐயில் ஒரு தள்ளலுக்கு வெளிக்காற்றில் ஏறக்குறைய 160 மில்லிலீற்றர் தின்னும். மெல்லிய வயரில் வோல்ற்றேஜ் இறங்கினாலும் கொம்பிரஷர் மெதுவாகத்தான் நிரப்பும். பூச்சியத்திலிருந்து 115க்கு ஏற எடுக்கும் நேரத்தைப் புதிதாக இருக்கும்போதே குறித்து வையுங்க. பிறகு யார் என்ன சொன்னாலும் அந்தக் கணக்கோடு ஒப்பிடலாம்.

வாங்கும்போது ரியூப்பின் வெளிவிட்டத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மறுத்தால் அங்கே வாங்காதீங்க. எழுதிய பில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.