துரத்தலுக்காகவே வாங்கிய வட்டு: ‘புல்லிட்’ ப்ளூ-ரே

இணையத்தில் வாங்கிய ‘புல்லிட்’ (1968) திரைப்படத்தின் ப்ளூ-ரே வட்டின் உறை விரிசலுடன் வந்து சேர்ந்தாலும், சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஏறத்தாழ 11 நிமிடங்கள் நீளும் அந்தக் கார் துரத்தலுக்காகவே கொடுத்த பணம் தகும். வில்லன்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜர் காரை ஓட்டும் பில் ஹிக்மன் நிதானமாக இருக்கைப் பட்டையை மாட்டிக்கொள்கிறார். கார் சீறிப் பாய்ந்ததும் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுபோக, அதன் பிறகு என்ஜின் உறுமலும் டயர்களின் கிறீச்சொலியும் மட்டுமே கேட்கின்றன. அதைத் துரத்தும் பச்சை மஸ்டாங் ஜிடி 390 காரை நாயகன் ஸ்டீவ் மெக்வீன் ஒரு பகுதி ஓட்ட, ஆபத்தான பாய்ச்சல்களை ஸ்டன்ட் கலைஞர் பட் எகின்ஸ் ஏற்றுக்கொண்டார். மேட்டிலிருந்து குதித்து இறங்கும் அதிர்வைத் தாங்குவதற்காகவே மெக்கானிக் மேக்ஸ் பால்சௌஸ்கி வண்டியின் சஸ்பென்ஷனை வலுப்படுத்தியிருந்தார்.

படத்தொகுப்புக்காக ஃபிராங்க் கெல்லர் ஆஸ்கர் பெற்றார் என்றாலும், ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை இரு கார்களும் திரும்பத் திரும்ப முந்துவதையும், நான்கு சக்கரச் சார்ஜர் நான்குக்கும் மேற்பட்ட வீல் கப்புகளை (சக்கர மூடிகளை) உதிர்ப்பதையும் தெளிவான இப்பதிப்பில் எண்ணிப் பார்க்கலாம். (நான் எண்ணினேன்.) மீதிக் கதை மெதுவாகவே நகர்கிறது.