மழைநாளில் நீலகிரி: குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில்

ஆகஸ்ட் மாதத்தில் எழுபது வயதைக் கடந்த அம்மாவையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு குன்னூரில் நான்கு நாள் தங்கியிருந்தேன். நான்கில் மூன்று நாள் விடாத சாரல். முதல் நாள், விடுதியார் ஏற்பாடு செய்து தந்த வாடகைக் காரில் காட்சிமுனைகளைப் பார்க்கக் கிளம்பினோம். எந்த முனையிலும் கம்பி வேலிக்கு அப்பால் வெள்ளை மூட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நுழைவுச்சீட்டு, வண்டி நிறுத்தம், காத்திருப்பு என்று பணம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. மழைநாளில் மலை தன் தொலைவை மூடிக்கொள்கிறது, அருகில் இருப்பதை மட்டுமே காட்டுகிறது என்பது அன்று மாலை புரிந்தது. அதனால் மறுநாள் குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் போனோம். அந்தப் பயணத்தையும், அதையொட்டிச் சென்ற இரண்டு இடங்களையும் பற்றியதே இந்த மதிப்புரை.

குன்னூர் முதல் உதகை வரை 19 கிலோமீட்டர்தான். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன நிலையங்களில் நின்று, ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் ரயில் மேலே போய்ச் சேர்கிறது. வெயில் நாளில் இதே பாதையில் போனபோது எல்லோரும் தூரத்துப் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். இம்முறை பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்ற பாறைச் சுவரில் வழிந்த நீர், அதில் ஒட்டிக்கொண்டிருந்த பாசி, பெரணி இலைகளின் நுனியில் தொங்கிய துளிகள், தண்டவாளத்தின் அடியில் புகுந்து ஓடிய ஓடைகள் ஆகியவை கண்ணில் பட்டன. வண்டி மெதுவாகப் போனதால் ஒவ்வொன்றையும் நின்று பார்ப்பது போலவே பார்க்க முடிந்தது. கேத்தியை நெருங்கும்போது மூட்டம் சில நிமிடம் விலகி, காரட்டும் முட்டைக்கோசும் விளைந்த படிவயல்கள் நனைந்த நிறத்தோடு வெளிப்பட்டு மறுபடி மறைந்தன. முழங்கால் வலியால் எங்கும் நடக்க முடியாத அம்மா, இந்தப் பயணம் முழுவதும் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவேயில்லை.

ரயிலேறுவதற்கு முன் குன்னூர் நிலையத்தில் அரைமணி நேரமாவது செலவிடுங்கள் என்று சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நீராவி எஞ்சின் இங்கே கழற்றப்பட்டு, இதற்கு மேல் டீசல் எஞ்சின் வண்டியை இழுத்துச் செல்கிறது. நிலையத்தை ஒட்டிய எஞ்சின் கொட்டகையில் சூடான இரும்பின் மேல் மழைத்துளி விழுந்து ஆவியாவதை மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மலையடிவார நிலையமான கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் பாதை ஏறுகிறது. அத்தகைய சரிவில் சாதாரணச் சக்கரம், அதிலும் நனைந்த தண்டவாளத்தில், வழுக்கிவிடும். அதனால்தான் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புப் பட்டைகளை அமைத்து, எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறும்படி செய்திருக்கிறார்கள். இரண்டு பட்டைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று மாறி அமைந்திருப்பதால், எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடிப்பில் இருக்கும். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் திறக்கப்பட்ட இந்தப் பாதையில், 208 வளைவுகளும் 16 குகைப்பாதைகளும் 250 பாலங்களும் உள்ளன. 2005-இல் இது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் மிகுந்த நாட்களில் சீட்டு எளிதில் கிடைக்காது என்பதால், முன்பதிவை நம்புவதே நல்லது.

உதகையில் இறங்கியபோது மழை வலுத்திருந்தது. தாவரவியல் பூங்காவைத் தவிர்த்துவிட்டு, புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு ஆட்டோவில் போனோம். 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்தக் கோயிலின் கூரையைத் தாங்கும் தேக்கு உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேற்றிக் கொண்டுவரப்பட்டவை. தோற்ற அரசரின் வீட்டு மரங்கள் இருநூறு ஆண்டுகளாக இன்னொரு கூரையைச் சுமந்து நிற்பதை, மேலே மழை பெய்யும் ஓசையோடு அண்ணாந்து பார்த்தபோது மனம் கனத்தது. கூட்டமில்லை, அமர்வதற்கு இடமுண்டு, வயதானவர்களுக்கு ஏற்ற இடம்.

பிற்பகலில் பார்த்த தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றி அவ்வளவு நிறைவாகச் சொல்ல இயலவில்லை. ஈரக்குளிரிலிருந்து உள்ளே நுழைந்ததும் முகத்தில் படும் வெதுவெதுப்பும், பச்சிலையும் வறுத்த மணமும் கலந்த வாசனையும் மழைநாளுக்கே உரியவை. மழைக்காலத்தில் பறித்த இலையில் நீர் அதிகம் என்பதால், அதை வாட்டுவதற்குக் கூடுதல் நேரமும் காற்றும் தேவைப்படுகின்றன. வாட்டியபின் நசுக்கிச் சுருட்டி, காற்றுப்பட வைத்து நிறம் மாறியதும் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். இதையெல்லாம் விளக்க வேண்டியவர் பத்து நிமிடத்தில் எங்களை விற்பனைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டார் என்பதுதான் குறை. வாட்டும் தொட்டிகளின் அருகில் கொஞ்சம் நின்று, தொழிலாளர்களிடம் மரியாதையாகக் கேட்டால் அவர்களே நன்றாகச் சொல்கிறார்கள். திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் சூடான வர்க்கியும் தேநீரும் சாப்பிட்டோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியை, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிட்டால்தான் அதன் அடுக்குகள் நொறுங்கும் சுகம் தெரியும்.

நீலகிரியின் மழை எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதையும் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி முதலிய மேற்குப் பகுதிகளில்தான் கொட்டும்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. அந்த மாதங்களில் கிழக்குச் சரிவில் உள்ள குன்னூருக்குப் பெரும்பாலும் சாரலே கிடைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நிலைமை மாறி, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து ரயில் நிறுத்தப்படுவது அடிக்கடி நிகழ்வதால், அப்போது செல்பவர்கள் கிளம்புமுன் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். வெளிமாவட்ட வண்டியில் வருவோர் இ-பாஸ் பெற்றிருப்பதும் அவசியம். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு உதவும். ரயில் பெட்டியில் ஈரக்குடைக்கு இடமில்லை.

அடுத்த ஆகஸ்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குப் புறப்படும் வண்டியில், பல்சக்கரப் பாதை முழுவதையும் மழையில் ஏறிப் பார்க்க எண்ணியிருக்கிறோம். சன்னலோர இருக்கை பாட்டிக்கா தனக்கா என்று மகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.