"பேட்டரி போச்சு" என்றதும் தலையாட்டாதீர்கள்

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) முக்கி முனகி இழுக்கிறது, மதியம் தொட்டதும் எடுக்கிறது. இந்தப் புகாரோடு போன பதினைந்து வயது பெட்ரோல் கார் ஒன்றுக்கு, ஒரு ஒர்க்‌ஷாப்பில் முதலில் புது பேட்டரி, மூன்று வாரம் கழித்துப் புது செல்ஃப் மோட்டார் என்று தலையில் கட்டிவிட்டார்கள். பழையவை இரண்டிலும் கோளாறே இல்லை. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை (செல்ஃப் இழுக்கும் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி), போல்ட்டுக்கு அடியில் துருவேறிக் கிடந்தது. நல்ல பேட்டரி எக்ஸ்சேஞ்சில் காயலான் கடை விலைக்குப் போனதுதான் வயிற்றெரிச்சல்.

பேட்டரி மாற்றியதும் சில நாள் சரியானதே, அது எப்படி என்றால், மாற்றும்போது டெர்மினலைச் சுரண்டி இறுக்குகிறார்கள். முழு சார்ஜில் இருக்கும் புது பேட்டரியும் கொஞ்ச நாள் குறையை மூடி மறைக்கும்.

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பத்து நிமிட வேலை. இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். அடுத்து பெட்ரோல் பம்ப்புக்குக் கரண்ட் விடும் ஃபியூயல் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு (இன்ஜின் பிடிக்கக் கூடாது) ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்போது 9.6க்குக் கீழே இறங்காவிட்டால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது.

முக்கியமான சோதனை இனிமேல்தான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் வையுங்கள், கிளாம்பில் அல்ல. மறுமுனை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்தில். செல்ஃப் சுற்றும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் கோளாறு. மேலே சொன்ன வண்டியில் 1.4 காட்டியது. செல்ஃப் இழுப்பது 140 ஆம்பியர் என்றால், 0.01 ஓம் தடையே அவ்வளவையும் தின்றுவிடும். மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் இது அகப்படாது. செல்ஃப் சுற்றி லோடு ஏறினால்தான் வெளிப்படும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் காலையில் இழுப்பும் அதிகம், இழப்பும் அதிகம். மதியம் ஒர்க்‌ஷாப்காரர் ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்பது இதனால்தான்.

சரிசெய்ய நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றி, எர்த் போல்ட்டைத் திறந்து, இரு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். பட்டையின் இழைகள் அறுந்திருந்தால் மட்டும் புதிது.

செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் வண்டி ஏழெட்டு நொடி கழித்துத்தான் பிடிக்கிறதா? அது வேறு கணக்கு. செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் மூன்று தடவை ஆன்-ஆஃப் செய்து, பம்ப் பிரஷரை ஏற்ற விட்டு அடியுங்கள். உடனே பிடித்தால், இரவில் பெட்ரோல் பிரஷர் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். டீசல் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது, இன்ஜினைச் சூடாக்கிப் பிடிக்கவைக்கும் குளோ பிளக்.

செல்ஃப் மோட்டாரே பழுது என்றாலும் பல நேரம் உள்ளே தேயும் கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் புதிதாகப் போட்டால் ஓடும். எந்தப் பொருளை மாற்றச் சம்மதிக்கும் முன்னும் மீட்டர் ரீடிங்கை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். நோய் தீர்ந்ததென்று நாலு காலை பார்க்கும்வரை பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீர்கள்.