கான்பெராவில் அலுங்காமல் ஒரு காட்டு நடை: தாவரவியல் பூங்காவா, டிட்பின்பில்லாவா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். மலையேற்றத்துக்கு முட்டி ஒத்துழைக்காது. ஆனால் ஆஸ்திரேலியக் காட்டைக் கண்ணில் காட்டாமல் அனுப்பவும் மனமில்லை. கான்பெராவில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவை இரண்டு இடங்கள்: பிளாக் மவுண்டன் அடிவாரத்தில் இருக்கும் தேசியத் தாவரவியல் பூங்கா, நகரத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால் வரும் டிட்பின்பில்லா இயற்கைக் காப்பகம்.

செடி கொடிதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பூங்காதான். 1970-இல் முறைப்படி திறந்த இந்த இடத்தில் இந்நாட்டுத் தாவரங்களுக்கு மட்டும்தான் இடம், ரோஜாவைத் தேடாதீர்கள். கான்பெரா வறண்ட ஊர். அப்படியும் ஒரு பள்ளத்தில் நீரைப் பனிபோலத் தூவித் தூவி மழைக்காட்டையே வளர்த்துவிட்டார்கள். மரப்பலகைப் பாதையில் நடந்தால் தாஸ்மேனியா முதல் குவீன்ஸ்லாந்து வரையிலான மழைக்காட்டு மரங்களைப் பார்த்துவிடலாம். அப்புறம் செம்மணல் பரப்பிய பாலைவனத் தோட்டம் வேறு. ஊட்டியில் தைல மரம் பார்த்துப் பழகியவர்களுக்கு, யூக்கலிப்டஸில் எழுநூறு வகைக்கு மேல் உண்டு என்பதே செய்திதான். நுழைவு இலவசம், வண்டி நிறுத்தத்தான் காசு.

விலங்குகள்? கோடையில் பாறைமேல் வெயில் காயும் வாட்டர் டிராகன் என்ற பெரிய ஓணான்கள், வாய்த்தால் சதுப்பு வாலபி என்ற ஒரு சின்னக் கங்காரு. அவ்வளவுதான்.

அந்தக் குறையைத் தீர்ப்பது டிட்பின்பில்லா. அங்குள்ள சரணாலயச் சுற்றுப்பாதை சுமார் இரண்டு கிலோமீட்டர். சக்கர நாற்காலியே போகும். குளங்களில் வாத்து அலகுள்ள பிளாட்டிபஸ் உண்டு, ஆனால் அதிகாலையோ மாலையோ போனால்தான் தரிசனம் கிடைக்க வாய்ப்பு. நடுப்பகலில் போய் நின்றால் வாத்துகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வேலியிட்ட காட்டுப் பகுதியில் கோவாலாக்களும் இருக்கின்றன. 2003 காட்டுத்தீயில் இங்கிருந்த கோவாலாக்களில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. அதற்கு லக்கி என்று பெயர் வைத்தார்கள். இங்கே காருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, பொதுப் பேருந்து கிடையாது.

மல்லிகன்ஸ் பிளாட் என்ற இன்னொரு காப்பகத்தையும் சிலர் சொல்வார்கள். அங்குள்ள பெட்டாங், கங்காரு வகையைச் சேர்ந்த சின்னப் பிராணி, இரவில் நடமாடுவது. பெரியவர்களோடு போக அது தோதுப்படாது.

என்னைக் கேட்டால், முழு நாள் கையில் இருந்தால் டிட்பின்பில்லா. அரை நாள்தான், கார் இல்லை என்றால் பூங்கா. இரண்டிலும் கோடையில் பாம்பு உண்டு, பாதையை விட்டு இறங்க வேண்டாம். கட்டிக்கொண்டு போன புளிசாதம் மிஞ்சினாலும் கங்காருவுக்குப் போடாதீர்கள்.