ஷூபர்ட்டின் ஆர்பெஜியோனி சொனாட்டா: செலோவிலா, வயோலாவிலா?

1824 நவம்பரில் வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்ட், ஆர்பெஜியோனிக்கும் பியானோவுக்குமான இந்த ஏ மைனர் சொனாட்டாவை எழுதியபோது ஆர்பெஜியோனி பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வியன்னாவில் கிதார் செய்துகொண்டிருந்த ஸ்டாவ்ஃபர் 1823-இல் உருவாக்கிய வாத்தியம் அது. ஆறு தந்தி, கிதாருக்குச் சேர்க்கும் அதே சுருதி, வீணையில் இருப்பது போல 24 மெட்டு. ஆனால் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிக்க வேண்டும். சொனாட்டா அச்சேறியது 1871-இல். அதற்குள் ஷூபர்ட் இறந்து 43 வருடங்கள். வாத்தியத்தையும் ஊர் மறந்துவிட்டது. அப்புறம் அந்த இசையை வயலினின் பெரிய உறவுகளான செலோ, வயோலா வாசிப்பவர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

நாம் அதிகம் கேட்பது செலோவில்தான். ரோஸ்ட்ரோபோவிச் வாசிக்க, பெஞ்சமின் பிரிட்டன் பியானோவில் அமர்ந்த 1968 பதிவு பலருக்கும் இந்த சொனாட்டாவின் முதல் அறிமுகம். நிதானமான, கனத்த வாசிப்பு. எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனாலும் அந்தக் கனம் செலோ கொண்டுவந்தது, ஷூபர்ட் எழுதியதல்ல என்றே நினைக்கிறேன். ஆர்பெஜியோனியின் உச்சத் தந்தி, மேற்கத்திய சுரப் பெயரில் சொன்னால், ஈ. செலோவின் உச்சத் தந்தி அதற்கு ஐந்து சுரம் கீழே, ஏ-யில் நின்றுவிடுகிறது. ஆர்பெஜியோனியில் கைக்கு அருகிலேயே கிடைக்கிற மேல் ஸ்தாயிச் சுரங்களுக்கு, செலோவில் இடது கை தந்தியின் நெடுந்தூரம் கீழிறங்க வேண்டியிருக்கிறது. சாதாரணமாகப் பாட வேண்டிய வரி சாகசமாகிவிடுகிறது.

வயோலாவுக்கு மேல் ஸ்தாயி இயல்பாக அமைகிறது. அதன் லேசாகக் கம்மிய குரல் நடுவில் வரும் அடாஜியோவுக்கு, அதாவது மெதுவான பகுதிக்கு, அவ்வளவு பொருத்தம். யூரி பாஷ்மெட் வாசிப்பதைக் கேட்டால் தெரியும். சிக்கல் கீழே இருக்கிறது. வயோலாவின் அடித்தந்தி சி, ஆர்பெஜியோனியின் அடிச் சுரத்தைவிட நன்றாகவே உயரம். அதற்குக் கீழே போகும் இடங்களை ஒரு ஸ்தாயி தூக்கித்தான் வாசிக்க முடியும். அடியிலிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் ஏற வேண்டிய இழை நடுவில் மடங்கிவிடும்.

சரி, மூல வாத்தியத்தில்? கிளவுஸ் ஸ்டோர்க்கும், பின்னால் நிகோலா டெலெதாயும் ஆர்பெஜியோனியிலேயே வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒலி சின்னது, மெல்லியது. பெரிய நவீன பியானோ பக்கத்தில் இருந்தால் அமுங்கிப்போகும். பியானோவின் அந்தக் காலத்து வடிவமான ஃபோர்ட்டெபியானோவோடு சேரும்போதுதான் இரண்டும் சமமாகப் பேசுகின்றன.

நான் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், அடிச் சுரங்கள் போனாலும் வயோலாதான். ஆனால் முதல் பகுதியின் நடுவில் ஓர் இடம் வருகிறது: பியானோ மெட்டை எடுத்துக்கொள்ள, தந்தி வாத்தியம் வில்லை விட்டு விரலால் மீட்டுகிறது. அந்த இடத்தை மட்டும் மூன்று வாத்தியங்களின் பதிவுகளிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். செலோவும் வயோலாவும் அங்கே துணைக்கு வாசிக்கின்றன. ஆர்பெஜியோனியில் அது ஒரு கிதார்.