“டேங்க்ல பொறந்த கடல் குதிரை”ன்னு 9,000 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்த கதை

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சிட்டு இருந்தேன். ஏன்னா இதுல ஏமாந்தது மட்டும் நான் இல்ல, தப்பு பண்ணதும் நான்தான். ஆனா போன வாரம் எங்க தெரு பையன் ஒருத்தன் “அண்ணா, கடல் குதிரை ஜோடி வருதாம், டேங்க்ல பொறந்ததாம், சர்ட்டிபிகேட் எல்லாம் இருக்காம், வாங்கலாமா”ன்னு ஒரு போட்டோ அனுப்பினான், பார்த்தா மூணு மாசம் முன்னாடி எனக்கு வந்த அதே போட்டோ. அதான் எழுத உக்காந்துட்டேன்.

நான் பெரம்பூர். ஏழெட்டு வருஷமா மீன் வளர்க்கிறேன், கொளத்தூர்ல ஞாயித்துக்கிழமை காலையில பாதி கடைக்காரங்களுக்கு என் மூஞ்சி தெரியும். கப்பி, ஏஞ்சல்னு போயிட்டு இருந்தவன் போன வருஷம்தான் உப்புத்தண்ணிக்கு வந்தேன், மூணு அடி டேங்க், ரெண்டு க்ளவுன் மீன். நல்லாதான் போச்சு. அப்புறம் பொண்ணு ஒரு வீடியோ பார்த்துட்டு “அப்பா, கடல் குதிரையில அப்பா மீனுக்குதான் வயித்துல குட்டி இருக்குமாம்”னு ஆரம்பிச்சா, ஆசை எனக்கும் ஒட்டிக்கிச்சு.

வித்தவன் கடைக்காரன் கிடையாது. வாட்ஸப்ல வந்த நம்பர். டெலிவரி எங்கன்னா பாடி மேம்பாலத்துக்கு கீழ, ராத்திரி ஒன்பது மணிக்கு, ஜிபே வேணாம் சார் கேஷா குடுங்கன்னான். இப்ப எழுதும்போது எனக்கே சிரிப்பு வருது, கஞ்சா வாங்குறவன் கூட இதை விட கொஞ்சம் யோசிப்பான். ஆண் வயித்துப்பை நல்லா உப்பி இருந்துச்சு. “இது ப்ரெக்னன்ட் சார், உங்களுக்கு லக்கு, ஒரு தடவை எறநூறு குட்டி போடும், ஒரு இஞ்ச் ஆனதும் பீஸ் 300க்கு நானே திருப்பி எடுத்துக்கறேன்.” பைக்ல வீட்டுக்கு வர்ற வழியிலேயே மனசுக்குள்ள 60,000 ஓடிடுச்சு. பிரீடிங் பண்ணலாமா வேணாமான்னு நான் எடுத்த முடிவு இவ்வளவுதான், பெரம்பூர் வர்றதுக்குள்ள எடுத்தது.

க்ளவுன் ரெண்டையும் ஃப்ரெண்டு வீட்டுக்கு அனுப்பிட்டு (அதுங்க வேகத்துக்கு கடல் குதிரைக்கு ஒரு வாய் கூட கிடைக்காது, இதாவது எனக்கு தெரிஞ்சிருந்துச்சு) ஜோடியை விட்டேன். ஃப்ரோசன் மைசிஸ் (உறைய வச்ச பொடி எறா மாதிரி தீனி) போட்டேன், பார்த்துட்டு திரும்பிக்கிச்சு. அடுத்த நாளும் அதே. போன் பண்ணா “செட் ஆகலை சார், ரெண்டு நாள் டைம் குடுங்க” என்கிறான். இங்கதான் நான் முழிச்சிருக்கணும். டேங்க்லயே பொறந்து வளர்ந்த கடல் குதிரை சின்ன வயசுலேயே ஃப்ரோசனுக்கு பழகி இருக்கும், கடல்ல புடிச்சது பெரும்பாலும் உயிரோட துள்ளுறதைதான் உறிஞ்சும். கடல் குதிரைக்கு இரைப்பையே கிடையாது, போட்டது உடனே வெளிய போயிடும், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவையாவது போட்டாகணும், ஒரு நாள் பட்டினியே அதுக்கு பெரிய விஷயம். நான் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுட்டு முட்டுக்காடு பக்கம் போய் வலைக்காரர் ஒருத்தர்கிட்ட குட்டி குட்டி எறா வாங்கிட்டு வந்தேன். அதை மட்டும் சடக் சடக்னு இழுத்துச்சு. அன்னைலேர்ந்து வாரத்துக்கு மூணு தடவை பெரம்பூர் டு முட்டுக்காடு, பெட்ரோல் காசை வீட்ல சொல்லவே இல்ல.

அடுத்தது சூடு. ஏப்ரல் மாசம், டேங்க் தண்ணி 31 டிகிரி. கடல் குதிரை டேங்கை 23லேர்ந்து 25க்குள்ள வைக்கணும்னு படிச்சிட்டு அவனை கேட்டா “அதெல்லாம் வெளிநாட்டு மீனுக்கு சார், இது நம்ம கடல் மீனு, நம்ம கடல்ல 28 இருக்குல்ல, ஒண்ணும் ஆகாது”ன்னான். நம்ம கடல் மீனு! அவன் வாயாலயே வந்துடுச்சு, அப்பவும் எனக்கு உறைக்கல. கடல்ல மிச்சம் மீதி எல்லாம் அடிச்சிட்டு போயிடும், மூணு அடி டேங்க்ல அது அங்கேயே அழுகும், தண்ணி சூடா இருந்தா பாக்டீரியா மடமடன்னு பெருகும், இதுங்களுக்கு அதுதான் எமன். ஐஸ் பாட்டில் போட்டு பார்த்தேன், ஃபேன் வச்சு பார்த்தேன், கடைசியில செகண்ட் ஹேண்ட்ல ஒரு சில்லர் (டேங்க் தண்ணியை குளிர வைக்கிற மெஷின்) 14,000க்கு வாங்கினேன். மீனை விட சில்லர் விலை ஜாஸ்தி.

பன்னெண்டாவது நாள் விடிகாலை அஞ்சரை மணிக்கு குட்டி போட்டுச்சு. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்ல. ஆண் வாலால ப்ளாஸ்டிக் செடியை இறுக்கி புடிச்சிட்டு உடம்பை முன்னும் பின்னுமா மடக்கி மடக்கி, ஒவ்வொரு தடவைக்கும் புகை மாதிரி கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது, ஒவ்வொண்ணும் முழு கடல் குதிரை, அரை இஞ்ச் கூட இல்ல. பொண்ணை எழுப்பி காட்டினேன். 160 வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டோம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஆர்ட்டீமியா (குட்டி மீனுக்கு போடுற பொடி எறா மாதிரி உயிர்த்தீனி) முட்டை வாங்கி வச்சிருந்தேனே தவிர பொரிக்க வைக்கல, அது பொரியவே ஒரு நாள் ஆகும், குட்டிக்கோ பொறந்ததுலேர்ந்து சாப்பாடு வேணும். சரி பொரிஞ்சுது, போட்டா பாதி குட்டிக்கு அது வாயிலேயே நுழையல, அதுக்கும் சின்னதா, கண்ணுக்கே சரியா தெரியாத ரோட்டிஃபர்னு ஒரு உயிர் வேணுமாம், அதை தனியா வளர்க்கணும், அந்த ரோட்டிஃபருக்கு பச்சைப்பாசி தனியா வளர்க்கணும். கடல் குதிரை பிரீடிங்னா முதல்ல பாசி வளர்க்கணும்னு பாடி பாலத்துக்கு கீழ எவனும் எனக்கு சொல்லல. குட்டிங்க லைட்டை பார்த்து மேல வந்து காத்தை முழுங்கி முழுங்கி பலூன் மாதிரி மிதக்குது, திரும்ப இறங்க முடியல. காலையில எழுந்தா ஸ்பூனால அள்ளி அள்ளி போடுவேன். பொண்ணு ரெண்டாவது நாளுக்கு அப்புறம் அந்த ரூமுக்கே வரல. ஒன்பதாவது நாள் கடைசி குட்டியும் போச்சு. ஆணுக்கு பையில காத்து சேர்ந்து தலைகீழா மிதந்துட்டு செத்துச்சு, பெண் மூக்கு நுனி வெள்ளையாகி அடுத்த வாரமே.

காசை திருப்பி குடுன்னு போன் பண்ணேன். அவன் கத்தவே இல்ல, ரொம்ப மரியாதையா பேசினான்: “சார், வேணும்னா போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுங்க. மீனு யாரு வீட்ல இருந்துச்சுன்னு கேப்பாங்க, சொல்லுங்க.” கட் பண்ணிட்டான்.

அன்னைக்குதான் மீனோட அவன் குடுத்த சர்ட்டிபிகேட்டை ஒழுங்கா படிச்சேன். மீன்வளம் படிச்ச என் மச்சினன்கிட்ட அனுப்பினா அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பேப்பர்ல ஹிப்போகாம்பஸ் ரீடின்னு போட்டிருக்கு, அது பிரேசில், கரீபியன் பக்கம் இருக்குறது. என்கிட்ட இருந்ததுக்கு முதுகு ஓரமா வரிசையா மூணு கறுப்பு புள்ளி, லக்கி டிசைன்னு சொல்லி வித்தானே அதான், அது ட்ரைமாகுலேட்டஸ், மண்டபம் தொண்டி பக்கம் மீனவங்க வலையில கூடவே மாட்டுறது. பேப்பர்ல சைட்டிஸ்னு பெருசா ஒரு சீல் வேற. “மாமா, சைட்டிஸ் நாடு விட்டு நாடு போற சரக்குக்கு, பாடிக்கு வர்றதுக்கு இல்ல”ன்னான். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு சொன்னான், 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல 2001லயே கடல் குதிரையை முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க, புலி இருக்குற லிஸ்ட்டு, அனுமதி இல்லாம புடிக்கிறது, விக்கிறது, வீட்ல வச்சுக்கிறது மூணும் குத்தம், ஜெயில் வரைக்கும் போகும்னு. மூணு வாரம் புலி லிஸ்ட்ல இருக்கறதை ஹால்ல டிவி பக்கத்துல வச்சு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிட்டு இருந்திருக்கேன்.

அவன் வியாபாரமே இதுலதான் ஓடுது. வாங்கினவன் வாயை தொறக்க முடியாது. மீனு செத்தாலும் பேப்பர் பொய்யானாலும் புகார் குடுக்கற முதல் ஆளே குத்தவாளி, அதனால ஒவ்வொருத்தனும் சத்தம் போடாம அடுத்தவனுக்கு வழி விடுறான், நானும் ரெண்டு மாசம் அதைத்தான் பண்ணேன்.

தெரு பையன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். “அப்ப சர்ட்டிபிகேட் உண்மையா இருந்தா வாங்கலாமாண்ணா”ன்னு கேக்குறான். டேய், உண்மையான அனுமதி வச்சிருக்கறவன் எதுக்குடா பாலத்துக்கு கீழ வர்றான்? க்ளவுன் ஜோடி வாங்கு, நிஜமாவே டேங்க்ல பொறந்ததா கிடைக்குது, எந்த கேஸும் இல்ல, அதுக்கும் குட்டி வளர்க்க ரோட்டிஃபர் வேணும், முதல்ல அதை ஒரு மாசம் சாகாம வளர்த்து காட்டு, அப்புறம் பிரீடிங் பத்தி பேசலாம்னேன். மூஞ்சியை தூக்கி வச்சுக்கிட்டான்.

சில்லர் சும்மாதான் கிடக்கு, நல்லா ஓடுது, வாங்கின விலையில பாதி குடுத்தா போதும். எந்த மீனுக்குன்னு கேப்பேன்.